பகுதி எண்

டாக்டர் யோ கேட்டது ஓர் அட்டவணை.
பதினோரு வருஷத்து ஸ்கேன் அறிக்கைகளில்
"சிறுநீரகக் கட்டி, தீங்கற்றது" என முடிந்தவை மட்டும்.
வெள்ளிக்கிழமைக்குள்.

பினாங்கில் அந்த வாரம் முழுக்க மழை.
ஆவண அறையில் ஏர்கோன் சொட்டும் இடத்தில்
மைலோ டின் ஒன்றை வைத்துவிட்டு
எண்ணத் தொடங்கினேன். நான் கிராணி,
எண்ணுவதற்குத்தான் சம்பளம்.

இரத்தக்குழாய் கொஞ்சம், தசை கொஞ்சம்,
மீதி கொழுப்பு.
பெயர்தான் நீளம்: ஆஞ்சியோமயோலிப்போமா.
முதல் நாளே அதை மூன்றெழுத்தாக்கிவிட்டேன்.

அதைத் தேடி யாரும் வருவதில்லை.
பித்தப்பைக் கல்லுக்கு வந்தவர்கள்,
கரு தங்கவில்லை என்று வந்தவர்கள்,
காப்புறுதிக்காரன் கேட்டான் என்று
முனகிக்கொண்டே வந்த ஒருவர்.
ஜெல் குளிர்ந்த வயிற்றில் கருவி நகர,
வேறெதையோ தேடிய திரையில்
வெள்ளையாய் ஒரு புள்ளி.

மொத்தம் நூற்று எழுபத்து மூன்று.
பெண்கள் நூற்று முப்பத்தெட்டு,
ஆண்கள் முப்பத்தைந்து.
நாலுக்கு ஒன்று, புத்தகத்தில் உள்ளபடியே என்று
டாக்டர் யோ கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

எண்பத்தெட்டாவது வரிசை:
பெண். இந்தியர். நாற்பத்து நான்கு வயது.
வலப்பக்கம், ஒன்று புள்ளி ஆறு சென்டிமீட்டர்.
அது நான்.
"கொழுப்புக் கட்டியா? உனக்குக் கொழுப்புதான்னு
கல்யாணமான வருஷமே சொன்னேனே"
என்று சிரித்த குணாளன்
அன்றிரவு இரண்டு முறை எழுந்து
நான் மூச்சு விடுகிறேனா என்று பார்த்தார்.
தூங்குவதுபோல் கிடந்தேன்.

புதன்கிழமை எனக்குக் கை நடுங்கியது.
ஒரே ஆண்டில் பத்தொன்பது பேர்,
பாயான் லெப்பாஸில் ஒரே தொழிற்சாலை,
ஒரே வாசல், ஒரே அஞ்சல் குறியீடு.
அமிலமா, ஆவியா, அந்த நீலக் கையுறையா?
நோர்லைலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
கதவைச் சாத்தினோம்.
யாரிடம் முதலில் சொல்வது என்று
கரிபாப்பைப் பிய்த்தபடி திட்டமிட்டோம்.

பிறகு பழைய பில் கட்டு ஒன்று கிடைத்தது.
அந்த ஆண்டு கம்பெனி
ஸ்கேன் இயந்திரம் ஏற்றிய வேன்களை வரவழைத்து
ஒன்பதாயிரம் பேரைப் படுக்கவைத்திருந்தது,
பெரும்பாலும் பெண்கள்.
ஆயிரத்துக்கு இரண்டு. எங்கும் உள்ள கணக்கு.
வேன் வந்தது. அவ்வளவுதான்.
நோர்லைலா கதவைத் திறந்தாள்.
எங்கள் இருவருக்கும் கொஞ்சம் ஏமாற்றம்,
சொல்ல வெட்கம்தான்.

தமிழ்ப்பள்ளியில் படித்தது:
கோட்டுக்கு மேலே தொகுதி எண்,
கீழே பகுதி எண்.
மேலே இருப்பவர்களை எண்ணிவிட்டேன்.
கீழே யார் யார்?
வேன் எந்த வாசலில் நின்றதோ அவர்கள்.
பட்டர்வொர்த் துறைமுகத்துச் சுமைக்காரர்களுக்கு,
இரவுக் காவலர்களுக்கு,
குர்னி கரையில் சாரத்தில் நிற்பவர்களுக்கு
இந்தக் கட்டி வருவதில்லை போலும்.
இனம் என்ற பத்தியில் கடைசிக் கட்டம்,
மற்றவர்: நான்கு.

நால்வரில் ஒருவன் தில் பகதூர் தமாங்.
முப்பத்தொன்று. கட்டுமானம்.
இவன் வேறெதற்கும் வரவில்லை.
இடுப்பைப் பிடித்தபடி லோரியில் கொண்டுவந்தார்கள்,
கட்டி உடைந்து உள்ளே இரத்தம்.
பதினொரு சென்டிமீட்டர்.
அத்தனை பெரிதாக எத்தனை வருஷம் ஆகியிருக்கும்,
எந்தத் திரையிலும் தெரியாமல்?
பிழைத்தானா என்று தேடினேன்.
அட்டவணையில் அந்தப் பத்தி இல்லை.

"அந்த ஒருத்தனை எடுத்துடுங்க,
சராசரி கெடுது" என்றார் டாக்டர் யோ.
கெட்டவரில்லை. வெள்ளிக்கிழமை மாலை வேறு.
சரி டாக்டர் என்றேன்.

எடுக்கவில்லை.
என் ஒன்று புள்ளி ஆறும் அவன் பதினொன்றும்
ஒரே கூட்டலில் போய்,
நூற்று எழுபத்து மூன்றால் வகுபட்டு,
தசமத்துக்குப் பின்னால் இரண்டாம் இடத்தில்
ஏதோ கொஞ்சம் கூடியது.
அச்சுக்குக் கொடுத்தேன்.

டின் நிரம்பியிருந்தது.